ஐந்தாவது ஏன்

அத்தியாயம் 17

போன வாரம் பொற்கொடியை நெற்றிப் புடைப்போடு நடுரோட்டில் விட்டுவிட்டு வந்தோம். பயப்பட வேண்டாம், பத்திரமாக வீடு வந்து சேர்ந்துவிட்டாள். புதன்கிழமை விடியற்காலை, மூக்கண்டப்பள்ளியிலிருந்து சிப்காட் போகிற வழியில், கார்க் கண்ணாடியின் உள்பக்கம் முழுக்க ஆவி படிந்து, எதிரே ஒன்றும் தெரியாமல், சாலை நடுவே இருந்த சிமென்ட் மேட்டில் ஏறி நின்றாளே, அந்தப் புடைப்பு இரண்டே நாளில் வற்றிவிட்டது. பின்சீட்டில் கவிழ்ந்த சாம்பாரையும் கழுவியாகிவிட்டது. வற்றாமல் இருந்தது அவள் கணவர் தங்கதுரையின் கோபம் ஒன்றுதான்.

கோபம் வந்தால் சில ஆண்கள் கத்துவார்கள். சிலர் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளுவார்கள். தங்கதுரை படிவம் நிரப்புவார். அருப்புக்கோட்டையிலிருந்து ஓசூருக்கு வந்து இருபத்திரண்டு வருஷமாக ஒரு கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டில் இருப்பவர். அங்கே எந்தப் பழுது வந்தாலும் ஒரு தாளை எடுத்து வைத்துக்கொண்டு, ஐந்து முறை 'ஏன்' கேட்டு, அடிப்படைக் காரணத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. புதன்கிழமை சாயங்காலமே காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டார்.

ஏன் கார் மேட்டில் ஏறியது? கண்ணாடி தெரியவில்லை.
ஏன் தெரியவில்லை? ஆவி படிந்தது.
ஏன் ஆவி படிந்தது? உள்ளே சூடான இட்லி இருந்தது.
ஏன் இட்லி இருந்தது? இட்லி வியாபாரம்.
ஏன் இட்லி வியாபாரம்? பொற்கொடி.

அதற்குக் கீழே, தீர்வு என்று ஒரு கட்டம் போட்டு: கார் விற்கப்படும். ஞாயிறு மாலை நான்கு மணி.

பால் எடுக்க ஃபிரிட்ஜைத் திறக்கும்போதெல்லாம் பொற்கொடி இதைப் படிக்க வேண்டியிருந்தது. நாலு நாளும் படித்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. பொற்கொடி பேசாமல் இருக்கிறாள் என்றால் ஏதோ நடக்கப் போகிறது என்று நம் வாசகர்களுக்குத் தெரியும். தங்கதுரைக்குத்தான் இருபத்துநாலு வருஷமாகியும் தெரியவில்லை.

இன்றைக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை.

*

காலை ஆறு மணிக்குக் காபிக்காகச் சமையலறைக்கு வந்த தங்கதுரை, இரண்டு அண்டாக்களைப் பார்த்து நின்றுவிட்டார்.

"என்ன இது?"

"அரிசி. அது உளுந்து."

"தெரியுது. இம்புட்டு எதுக்கு?"

"இட்லிக்குத்தான். ஊறப்போட்டு வச்சு அழகா பாக்கப் போறேன்?"

நாளை திங்கட்கிழமை. புதிதாகத் திறக்கிற ஒரு கம்பெனியின் பயிற்சிக் கூடத்தில் நூற்றிருபது பேருக்குக் காலைச் சாப்பாடு பொற்கொடியுடையது. சமையல்கட்டு இல்லாத ரூம்களில் தங்கியிருக்கும் நாற்பது பையன்களுக்கு இட்லி ஊற்றிக்கொண்டிருந்தவள், அந்தக் கம்பெனி கேட்டுக்கு எட்டு முறை நடந்து வாங்கிய ஆர்டர். காலை ஐந்தே முக்காலுக்கு இட்லி உள்ளே இருக்க வேண்டும். முதல் நாளே பிந்தினால் இரண்டாவது நாள் கிடையாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். நவம்பர் குளிரில் நாலரை மணிக்கு எந்த ஆட்டோக்காரர் போர்வையை விலக்குவார்? கார் இருந்தால்தான் ஆர்டர். இந்த ஒரு காரியத்துக்காகத்தான் நாற்பத்தைந்து வயதில் டிரைவிங் ஸ்கூலில் போய், மகள் வயதுப் பெண்களோடு வரிசையில் நின்று எட்டு போட்டுக் காட்டினாள்.

"பொற்கொடி, கார் இன்னைக்குச் சாயங்காலம் போகுது."

"போகட்டும். மாவு எங்கிட்டும் போகாதுல்ல?"

"சென்னப்பன்கிட்ட வார்த்தை கொடுத்துட்டேன். கிருஷ்ணகிரியில இருந்து பஸ் ஏறி வாராரு. கண்ணாடி மங்கும்னு மறைக்காமச் சொல்லியாச்சு. மாந்தோப்புக்குள்ள ஓட்டத்தானே, மங்குனா மங்கட்டும்னுட்டாரு."

"வரட்டும். வர்றவருக்கும் நாலு தோசை ஊத்துவோம்."

சொல்லிவிட்டு உளுந்தைக் கிளறப் போய்விட்டாள். கிளற வேண்டிய அவசியமே இல்லை. முகத்தைத் திருப்பிக்கொள்ள ஒரு வேலை வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

*

"அப்பா, கொஞ்சம் கார்ல வந்து உக்காருங்க."

மகள் சத்யப்ரியா. வயது இருபத்திரண்டு. டிப்ளமா முடித்துவிட்டு சிப்காட்டில் ஒரு கம்பெனியில் பயிற்சியில் இருக்கிறாள். அப்பாவின் மூளையும் அம்மாவின் வாயும் சேர்ந்தே வாய்த்த பெண்.

"எதுக்கு?"

"ஆடிட்."

தூக்கத்தில் இந்த வார்த்தையைச் சொன்னாலும் தங்கதுரை சட்டையை மாட்டிக்கொண்டு எழுந்துவிடுவார். காம்பவுண்டுக்குள் கார் நின்றிருந்தது. ராத்திரி பெய்த மழையில் அதன் முதுகெல்லாம் நீர். சத்யப்ரியா எல்லாக் கண்ணாடியையும் ஏற்றி, இன்ஜினைப் போட்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

ஒரு காபி ஆறுகிற நேரம்கூட ஆகவில்லை. முன்கண்ணாடியின் அடியில் தொடங்கிய வெள்ளை, மெதுவாக மேலேறி, எதிரே இருந்த முருங்கை மரத்தை முழுங்கிவிட்டது.

"இட்லி எங்கப்பா இருக்கு?"

தங்கதுரை கர்ச்சீப்பால் கண்ணாடியைத் துடைத்தார். துடைத்த இடமும் மூடிக்கொண்டது.

"நம்ம மூச்சு."

"ரெண்டு பேரு மூச்சுக்கே மூடுனா, இந்தக் கார்ல ஏறினா மூச்சு விடக்கூடாதுன்னு போர்டு மாட்டணும்ப்பா." அவள் குனிந்து காலடியிலிருந்து ஒரு பழைய பேப்பரை இரண்டு விரலால் தூக்கினாள். சொட்டியது. "நேத்து சாயங்காலம் காய்ஞ்ச பேப்பரா விரிச்சு வச்சேன். இப்பப் பாருங்க."

"சாம்பார் கழுவுன தண்ணி."

"சாம்பார் கொட்டினது பின்சீட்டு. ஈரம் முன்சீட்டுல. மழை பெய்யறப்ப எல்லாம் எங்கிருந்தோ தண்ணி உள்ள வருது. அந்த ஈரம்தான் ஆவியாகி ஏறுது. உங்க மூணாவது 'ஏன்' தப்புப்பா."

இருபத்திரண்டு வருஷத்தில் அவரிடம் யாரும் இப்படிச் சொன்னதில்லை. எதிர்த்துப் பேசலாம் என்றால் கையில் சாட்சி சொட்டிக்கொண்டிருக்கிறது.

"இன்னொண்ணு கேக்கவா? உங்க கம்பெனியில காரணம்னு ஒரு ஆளோட பேரை எழுதலாமா?"

"எப்படி எழுதலாம்? ஆளைக் குத்தம் சொல்லவே கூடாது, முறையிலதான் தப்பைத் தேட..." படபடவென்று ஒப்பித்துக்கொண்டு வந்தவர் சட்டென்று நிறுத்தினார்.

"வீட்டுல மட்டும் எழுதலாமா?"

தங்கதுரை கதவைத் திறந்துகொண்டு இறங்கினார். இரண்டடி நடந்து, திரும்பிப் பார்க்காமலே சொன்னார்.

"நாலு மணி வரைக்கும் டைம். பழுதைக் கண்டுபிடி, பாக்கலாம்."

*

சத்யப்ரியா முதலில் செய்த காரியம், செல்போனை எடுத்து யாருக்கோ ஒரு மிஸ்டு கால் கொடுத்தது. பத்து விநாடியில் திரும்ப அழைப்பு வந்தது. மொட்டை மாடிக்கு இரண்டு இரண்டு படியாகத் தாவி ஓடினாள். கிரைண்டரில் உளுந்தைப் போட்டுக்கொண்டிருந்த பொற்கொடியின் காது மாடிப்படி வரைக்கும் நீண்டது. கிரைண்டர் சத்தத்தில் ஒன்றும் பிடிபடவில்லை.

"யாரு ஃபோன்ல?"

"கம்பெனியில கூட வேலை பாக்கறவங்கம்மா. வண்டி விஷயம் தெரிஞ்சவங்க."

"ஆணா, பொ..." என்று ஆரம்பிப்பதற்குள் உளுந்து பொங்கிக்கொண்டு விளிம்புக்கு வந்துவிட்டது. பொற்கொடி தண்ணீர் தெளிக்க ஓடினாள். பெண் தப்பித்தாள்.

முதலில், ஸ்டியரிங் பக்கத்தில் இருந்த ஒரு சின்ன நெம்புகோல். வெளிக்காற்றை உள்ளே எடுக்க ஒரு பக்கம், உள்காற்றையே சுற்றிவிட மறுபக்கம். கார் வாங்கிய நாளிலேயே தங்கதுரை, சிப்காட் தூசி உள்ளே வரக் கூடாதென்று உள்பக்கமாகத் தள்ளி வைத்தது, அப்படியே இறுகிக் கிடந்தது. சத்யப்ரியா தேங்காய் எண்ணெய் விட்டு, முன்னும் பின்னும் ஆட்டி, வெளிப்பக்கத்துக்குக் கொண்டுவந்தாள். விசிறியைப் போட்டாள். மோட்டார் உறுமியது. காற்று மட்டும் கிழவன் பெருமூச்சு அளவுக்குத்தான் வந்தது.

"காத்து வர்ற வழியே அடைச்சிருக்கு. வைப்பருக்குக் கீழ இருக்கற ஜாலியைக் கழட்டணும்" என்று ஃபோனில் சொன்னதை அப்படியே ஒப்பித்தாள். "பத்தாம் நம்பர் ஸ்பேனர் எடுங்கப்பா."

அது ஒன்றும் தேட வேண்டியதில்லை. தங்கதுரையின் வீட்டில் ஒவ்வொரு ஸ்பேனருக்கும் சுவர்ப் பலகையில் அதனதன் உருவத்தை வரைந்து ஆணி அடித்திருக்கும். புளி ஜாடியில்கூடத் தேதி ஒட்டியிருக்கும். இவ்வளவு ஒழுங்கான மனிதர், அவரே கையால் வைப்பர்களைக் கழற்றி, பழைய துண்டின் மேல் வரிசையாக வைத்தார். சத்யப்ரியா கறுப்பு பிளாஸ்டிக்கில் சல்லடை போல இருந்த அந்த ஜாலியின் ஓரத்தைப் பிடித்துத் தூக்கினாள்.

"ஐயே!"

ஜாலிக்குக் கீழே நீளமாக ஒரு தொட்டி. மழைத் தண்ணீர் ஓரத்துத் துளை வழியாக வடிந்து போகவும், வெளிக்காற்று காருக்குள் போகவும் விட்டிருக்கிற இடம் அது. அது முழுக்கக் கறுப்பாக ஏதோ அடைந்து கிடந்தது. கையை விட்டு அள்ளினாள். சேறு என்று நினைத்தால், பூ. மக்கிப்போன சாமந்தி. அதன் மேல் காய்ந்த சாமந்தி. அதற்கும் மேலே போன மாதத்துச் சாமந்தி. நடுநடுவே மாவிலை, கொட்டைப்பாக்குப் போலக் காய்ந்துவிட்ட எலுமிச்சம்பழப் பாதி, கற்பூரம் மடித்து வந்த தாள். மூன்று வருஷத்து ஆயுதபூஜையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படுத்திருந்தது. பூவுக்குக் கீழே நாலு விரல் தண்ணீர், வடிய வழியில்லாமல் தேங்கி, காற்றுக் குழாய்க்குள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

வெளிச்சம் விழுந்த மூலையில், விரல் உயரத்துக்கு ஒரு சாமந்திச் செடி முளைத்திருந்தது.

"ஆத்தாடி! தோட்டமே போட்டிருக்கே!" மாவுக் கையோடு ஓடி வந்த பொற்கொடி சிரித்த சிரிப்பு எதிர்வீட்டு மாடி வரைக்கும் கேட்டது. சத்யப்ரியாவும் காரில் சாய்ந்துகொண்டு சிரித்தாள்.

தங்கதுரை சிரிக்கவில்லை.

"காத்துல பறந்து விழுந்திருக்கும்" என்றாள் சத்யப்ரியா, அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டு.

"காத்துல விழுகிற பூ இப்படியா விழும்?" பொற்கொடி ஒரு மாலையை வெளியே இழுத்தாள். நார் பிரியாமல், பாய் சுருட்டுவது போல் இறுக்கமாகச் சுருட்டி, நுனியை உள்ளே சொருகியிருந்தது. "யாரோ பதவிசா மடிச்சு வச்சிருக்..."

பாதியில் நிறுத்திவிட்டாள். ஈரத் துண்டைக்கூட அளவெடுத்து மடிக்கிற கை இந்த வீட்டில் ஒன்றுதான் உண்டு. கணவரைப் பார்த்தாள். அவர் வைப்பர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாவு வழியும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

உங்களுக்கு மட்டும் சொல்லி வைக்கிறேன். ஆயுதபூஜை முடிந்து மாலை வாடிய பிறகு தங்கதுரைக்கு ஒவ்வொரு வருஷமும் இதே சங்கடம்தான். சாமிக்குப் போட்ட பூவை யாரும் மிதித்துவிடக் கூடாது. குப்பைத் தொட்டியில் போட மனசு வராது. ஓடுகிற தண்ணீரில் விடலாமென்றால், மூக்கண்டப்பள்ளியில் ஓடுவது சாக்கடை. அதனால் மாலையைக் கண்ணில் ஒற்றிச் சுருட்டி, வைப்பருக்குக் கீழே இருந்த இடுக்கில் செருகினார். யார் காலும் படாத இடம், சாமியும் வண்டியோடேயே இருக்கும் என்று அவருக்கு அதில் ஒரு திருப்தி. முதல் வருஷம் செய்ததையே அடுத்தடுத்த வருஷமும் செய்தார்.

"டீ குடிச்சிட்டு வாரேன்" என்று செருப்பை மாட்டினார்.

வீட்டில் அவருக்காகப் போட்ட டீ ஆறிக்கொண்டிருந்தது.

*

வடிகால் துளை கார் மூலையில், கை நுழையாத இடத்தில் இருந்தது. பூ விஷயத்தை ஃபோனில் கிசுகிசுத்துவிட்டு வந்த சத்யப்ரியா கம்பியை விட்டுப் பார்த்தாள், வளையவில்லை. ஒயரை விட்டாள், மடங்கிக்கொண்டது.

"தள்ளு" என்றாள் பொற்கொடி. தென்னந்துடைப்பத்திலிருந்து நாலு குச்சிகளை உருவிக்கொண்டு வந்திருந்தாள். "சமையல்கட்டுக் குழாய் அடைச்சா இந்த வீட்டுல யாரு எடுக்கறதுன்னு நினைச்ச?"

நாலு குச்சியையும் சேர்த்துப் பிடித்து, காதை இரும்பில் வைத்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாகக் குத்தினாள். இடித்தது. திருகினாள். திரும்பக் குத்தினாள். காரின் வயிற்றுக்குள்ளே 'களக்'கென்று ஒரு சத்தம். அவ்வளவுதான், முன்சக்கரத்துக்குப் பின்னாலிருந்து கறுப்புத் தண்ணீர் கொட்டோ கொட்டென்று கொட்டியது. அம்மாவும் மகளும் போட்ட கூச்சலில், கடைசிப் பந்தில் சிக்ஸர் என்று நினைத்து எதிர்வீட்டார் டி.வி.யைப் போட்டார்கள்.

பிறகு ஜோராக வேலை நடந்தது. காலடிக் கார்ப்பெட்டையும் அதன் அடியில் இருந்த நுரை மெத்தையையும் உருவி, மாடிக்குத் தூக்கிப் போனார்கள். பிழிய முடியாத கனம். பொற்கொடி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அதன் மேலேயே ஏறிவிட்டாள். மகளையும் கையைப் பிடித்து ஏற்றினாள். ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு இருவரும் மிதி மிதியென்று மிதிக்க, தண்ணீர் நாலா பக்கமும் பீய்ச்சியது.

"ஃபோன்ல சொன்னவரு கெட்டிக்காரர்தான், என்ன?" என்றாள் பொற்கொடி மூச்சு வாங்கியபடி, சாதாரணமாக.

"ரொம்பக் கெட்டிக்காரரும்மா. அவரு பாக்காமலே..." சத்யப்ரியா நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"சரி சரி, மிதி" என்றாள் பொற்கொடி. ஆணா பெண்ணா என்ற அவளுடைய சந்தேகம் தீர்ந்தது.

மதியம் கார்ப்பெட்டையும் ஜாலியையும் மாட்டாமலே காற்றைச் சோதித்தார்கள். பூஜை அலமாரியிலிருந்து ஒரு ஊதுபத்தியை எடுத்து ஏற்றி, காற்று வருகிற வாயில் காட்டினாள் சத்யப்ரியா. விசிறியைப் போட்டதும் புகை அப்படியே படுத்து, பின்சீட்டு வரைக்கும் ஓடியது. பொற்கொடி தன் முகத்தைக் கொண்டுபோய்க் காட்டினாள். முன்தலை முடியெல்லாம் பறந்தது.

இரண்டு மணிக்குத் தங்கதுரை வந்தார். கையில் ஹார்டுவேர் கடைக் காகிதத்தில் சுற்றிய பொடிக்கண் கம்பி வலை. தரையில் உட்கார்ந்து, ஸ்கேல் வைத்து அளந்து வெட்டி, ஜாலியின் அடியில் வலையைப் பொருத்தினார். இனிமேல் ஒரு இதழ்கூட உள்ளே போகாது. ஜாலியை மாட்டி, வைப்பரையும் மாட்டி, ஸ்பேனரை அதன் படத்தின் மேல் தொங்கவிட்டார்.

பொற்கொடி அந்தச் சாமந்திச் செடியை ஒரு பழைய டப்பாவில் நட்டு ஜன்னலில் வைத்திருந்தாள். அதைப் பார்த்தார். பொற்கொடியின் கண் கடிகாரத்துக்குப் போனது. கார் சரியாகிவிட்டது, சரி. வார்த்தை கொடுத்தால் கொடுத்ததுதான் என்கிற மனுஷனாயிற்றே!

*

சென்னப்பன் மூன்றரைக்கே வந்துவிட்டார். கூடவே மழையும் வந்தது. வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டி, கையில் ஒரு பை மாங்காய் ஊறுகாயோடு, சத்தமாகப் பேசுகிற சந்தோஷமான மனிதர்.

"இன்னாங்க தங்கதுரைண்ணா, நல்ல மழையில கூப்ட்டீங்க! மங்கறது எப்டி மங்குதுன்னு பாத்துருவோம், சாவி குடுங்க."

தங்கதுரை கொடுத்தார். இருவரும் ஏறிக்கொண்டார்கள். கார் தெருமுனையில் திரும்புவதைப் பார்த்துவிட்டுப் பொற்கொடி சமையலறைக்கு வந்தாள்.

நாலு பாத்திரத்தில் மாவு இருந்தது. ஓசூர்க் குளிருக்கு மாவு லேசில் பொங்காது என்பதால், மதியமே கரைத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு கம்பளியைப் போர்த்தியிருந்தாள். ஒரு கம்பளியை விலக்கிப் பார்த்தாள். மாவு மெல்ல எழும்பத் தொடங்கியிருந்தது. அழுகை வந்துவிட்டது. இவ்வளவு பாடுபட்டு நாமே பழுதைச் சரிசெய்து, இன்னொருவர் கையில் நல்ல காராகத் தூக்கிக் கொடுக்கிறோமே என்று நினைத்தபோது தாங்கவில்லை. சத்யப்ரியா வந்து பின்னாலிருந்து கட்டிக்கொண்டாள்.

அரைமணி கழித்து ஹாரன் சத்தம். சென்னப்பன் படியேறும்போதே கத்திக்கொண்டு வந்தார்.

"பொய் சொல்ட்டீங்களே அண்ணா! மங்கும் மங்கும்னீங்க, இந்தக் கொட்டற மழையில ஓட்டினு வர்றேன், முன்னாடி கண்ணாடி கீதா இல்லையான்னே தெரியல! பாகுந்தி, ரொம்ப நல்லா கீது! கார்ப்பெட்டு இல்லாட்டி போவட்டும், நான் எடுத்துக்கறேன்." சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"ஒரு நிமிஷம் உக்காருங்க" என்றார் தங்கதுரை.

நேராக ஃபிரிட்ஜுக்குப் போனார். தாளை ஒட்டிய இடத்திலிருந்து உரித்தார். சாப்பாட்டு மேஜையில் வைத்து, பழையதை ஸ்கேல் வைத்து நேர்க்கோடாக அடித்தார். பக்கத்திலேயே புதிதாக எழுதினார். எழுதி முடித்து மகளிடம் நீட்டினார்.

"சத்தமாப் படி ஆத்தா."

சத்யப்ரியா படித்தாள். "ஏன் கண்ணாடி மங்கியது? உள்ளே ஈரம். ஏன் ஈரம்? மழைத் தண்ணீர் உள்ளே வந்தது. ஏன் வந்தது? வடிகால் அடைப்பு. ஏன் அடைப்பு? பூ. ஏன் பூ?..." அவள் நிறுத்தி அப்பாவைப் பார்த்தாள். "தங்கதுரை."

தங்கதுரை பேனாவை மூடி ஸ்கேலுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"காரணத்துல ஆள் பேரை எழுதக்கூடாதுப்பா" என்றாள் அவள் மெதுவாக.

"தெரியும். உங்க அம்மா பேரை நாலு நாள் ஊரு பாக்க ஒட்டி வச்சிருந்தேன். எம்பேரு ஒரு நாளாவது இருக்கட்டும்."

பொற்கொடி சமையலறை வாசலில் கம்பளியோடு நின்றிருந்தாள். தங்கதுரை அவளிடம் திரும்பினார்.

"புதன்கிழமை உன் நெத்தியைப் பாத்தேனா... கை உதறல் நிக்கலை, பொற்கொடி. கம்பெனிக்குப் போயும் நிக்கலை. நான் பயந்துட்டேன். அதை அந்தத் தாள்ல எங்கிட்டு எழுதுறதுன்னு தெரியலை. இட்லின்னு எழுதிட்டேன்."

"அதைச் சொல்ல நாலு நாளா?" என்றாள் பொற்கொடி. கண்ணில் தண்ணீரும் வாயில் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

தங்கதுரை சென்னப்பனைப் பார்த்துக் கைகூப்பினார். "மன்னிச்சுக்கிடுங்க. தப்பான காரணத்தை வச்சு உங்களுக்கு வார்த்தை கொடுத்துட்டேன். கார் எம் பொண்டாட்டிக்கு வேணும். காலையில நாலரைக்கு நூத்திருபது பேருக்கு இட்லி போகணும்."

சென்னப்பனுக்கு முகம் சுருங்கிப்போனது. சும்மாவா, மழையில் ஐம்பது கிலோமீட்டர் வந்திருக்கிறார். "வார்த்தைன்னா வார்த்தைங்க அண்ணா. பேசினது பேசினதுதானே?" என்றார் கடுப்பாக. மேஜையில் கிடந்த தாளை எடுத்து மேலிருந்து கீழாக ஒருமுறை படித்தார். மறுபடி படித்தார். திருதிருவென்று விழித்தார்.

"ஏங்க, இந்தப் பூவ எங்க செருகினீங்க?"

"வைப்பருக்குக் கீழ. யாரு காலும் படாதுன்னு."

"அடக் கடவுளே! என் ஜீப்புல நானும் அங்கதாங்க செருகறேன். ஆறு வருசமா!"

முதலில் சத்யப்ரியாதான் சிரித்தாள். அப்புறம் யார் சிரிக்கவில்லை என்று கேளுங்கள். சென்னப்பன் வேட்டி நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்தார். தங்கதுரையிடம் தராமல், வாசலில் நின்ற பொற்கொடியிடம் கொண்டுபோய் நீட்டினார்.

"இந்தாங்கம்மா. ஆனா தோசை போடாம அனுப்பாதீங்க."

*

நாலு தோசையும் சாப்பிட்டாகிவிட்டது. மழை விட்டபாடில்லை. சென்னப்பனைப் பஸ் ஸ்டாண்டில் கொண்டுவிடப் பொற்கொடி ஸ்டியரிங்கில் உட்கார்ந்தாள். அவள் ஓட்ட, தங்கதுரை முதன்முதலாக இடதுபக்கம் உட்கார்ந்தார். பிரேக் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு முறை காலை அழுத்திப் பார்த்துவிட்டு, பிறகு கையை மடியில் வைத்துக்கொண்டார். பின்சீட்டில் சென்னப்பனும் சத்யப்ரியாவும்.

கண்ணாடிக்கு வெளியே மழை அடித்தது. உள்ளே ஒரு பொட்டு ஆவி இல்லை. எதிரே வருகிற லாரியின் நம்பர்கூடத் தெரிந்தது. பொற்கொடி அந்த சிமென்ட் மேட்டைத் தாண்டும்போது வேண்டுமென்றே மெதுவாகப் போய், அதற்கு ஒரு சின்ன ஹாரன் கொடுத்தாள்.

அப்போது முன்பக்கத் தட்டில் கிடந்த செல்போன் அடித்தது. சத்யப்ரியாவுடையது. காற்று வருகிறதா என்று பார்க்கும்போது அங்கே வைத்தவள் மறந்துவிட்டாள். திரையில் 'கேன்டீன்' என்று பெயர் ஓடியது. அவள் கையை நீட்டுவதற்குள் தங்கதுரை எடுத்துக் காதில் வைத்துவிட்டார்.

"சத்யா, பூ எல்லாம் எடுத்தாச்சா?" ஒரு இளைஞனின் குரல், காருக்கே கேட்டது. "உங்கப்பாவை ஒண்ணும் சொல்லலையே? பாவம், அவரு பக்தியிலதானே செஞ்சாரு. சாயங்காலம் அவரு முகம் எப்படி இருந்துச்சுன்னு மட்டும் சொல்லு, எனக்கு அதுதான் கவலையா இருக்கு."

தங்கதுரை பக்கக் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்துக்கொண்டார்.

"நல்லா இருந்துச்சு தம்பி" என்றார். "நீங்க யாரு?"

'டக்'கென்று லைன் அறுந்தது.

அவர் ஃபோனைத் தட்டிலேயே திரும்ப வைத்தார், நேராக, விளிம்போடு விளிம்பு சேர்த்து. பிறகு பின்னால் திரும்பினார்.

"ஏத்தா, உங்க கம்பெனி கேன்டீன்ல வண்டி ரிப்பேரும் பாக்குறாகளா?"

பொற்கொடி உதட்டைக் கடித்துக்கொண்டு ரோட்டை மட்டும் பார்த்தாள். சென்னப்பனுக்கு விஷயம் புரிந்துவிட்டது. அவரும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். சத்யப்ரியா சூடேறிய முகத்தைத் தன் பக்கத்து ஜன்னலில் கொண்டுபோய் ஒட்டிக்கொண்டாள். அவ்வளவு மழைக்கும் மங்காத அந்தக் கண்ணாடியில், அவள் மூச்சுப் பட்ட இடம் மட்டும் வட்டமாக மங்கியது.